எண்ணெயும் உப்புத்தாளும்: டென்பின் பௌலிங் பந்து மேற்பரப்பின் வரலாறு

டென்பின் பௌலிங்கில் ஆட்டக்காரர் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி தொலைவில் நிற்கிறது. அந்தப் பாதையின் முன்பகுதியில், பெரும்பாலும் 40 அடி வரையில், கண்ணுக்குப் புலப்படாத எண்ணெய்ப் படலம் பூசப்பட்டிருக்கும். எறிந்த பந்து முதலில் எண்ணெயில் வழுக்கும், பிறகு பாதையைப் பற்றி வளையும், கடைசியில் சீராக உருளும். இந்த மூன்று கட்டங்களும் எங்கெங்கே மாறுகின்றன என்பதைப் பொறுத்தே பந்து பின்களுக்குள் நுழையும் கோணம் அமைகிறது.

நவீனப் பந்தின் வல்லமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் உட்கருவின் வடிவத்தையே முன்னிறுத்துகிறார்கள். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த ஆட்டத்தை மாற்றியது பந்தின் மேல்தோல்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். மரத்தைக் காக்கப் பூசிய எண்ணெய், மேற்பரப்பில் நேர்ந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கும் கருவியாக மாறியது. எண்ணெய் கூடியபோது மேற்பரப்பு சொரசொரப்பானது. சொரசொரப்பு கூடியபோது எண்ணெய் மேலும் கூடியது.

மரம், அரக்கு, ரப்பர்

1895-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் பந்துக்கும் பாதைக்கும் பொது அளவுகளை வகுத்தது. அக்காலத்துப் பந்துகள் லிக்னம் வைட்டே என்னும் கனத்த மரத்தில் கடைந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்டி ரப்பர் பந்து வந்தது. 1914 வாக்கில் பிரன்ஸ்விக் நிறுவனம் மினரலைட் என்னும் ரப்பர் பந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பாதையும் மரம்தான். பந்து விழுந்து அடிபடும் முன்பகுதிக்கு மேப்பிள் பலகை, நடுவில் பைன் பலகை. மேலே முதலில் அரக்குப் பூச்சும் பிறகு லேக்கர் பூச்சும் இருந்தன. பந்து சறுக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்துபோகாமல் இருக்கவே எண்ணெய் தடவினார்கள். அப்போது அது பராமரிப்பு வேலை மட்டுமே. ஆட்டத்தின் கடினத்தை அதைக் கொண்டு நிர்ணயிக்கும் எண்ணம் பின்னாளில் வந்தது.

1973: ஊறவைத்த பந்து

லேக்கர் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் இடத்துக்கு வந்த பாலியூரித்தேன் பூச்சு கெட்டியானது, வழவழப்பானது. பழைய ரப்பர் பந்தும் 1960 வாக்கில் வந்த பாலியஸ்டர் பந்தும் அதில் பிடிமானமின்றி வழுக்கின. இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்யூன். பாலியஸ்டர் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து அதன் தோலை அவர் மென்மையாக்கினார். 1973-இல் மட்டும் ஆறு பட்டங்களை வென்று அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். அப்போது அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

அந்த வெற்றிக்குப் பிறகு மேற்பரப்பின் கடினத்தன்மை முதன்முறையாக விதிப் புத்தகத்துக்குள் வந்தது. ஷோர் டி என்னும் அளவுகோலில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் 75 என்றும், அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் 72 என்றும் கீழ்வரம்பு வகுத்தன. ஆட்டக்காரர் தம் கையால் தோலை மாற்றுவதும், அதன் பிறகு விதி வந்து எல்லை வகுப்பதும் இங்கே தொடங்கின.

யூரித்தேனும் ரெசினும்

1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகள் வந்தன, ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் ஆங்கிள் அவற்றுள் பெயர்பெற்றது. கடினத்தன்மை விதிக்கு உட்பட்டிருந்தும் அவை பாலியஸ்டரைவிட நன்றாகப் பாதையைப் பற்றின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பைத் தாங்கி நின்றதும் யூரித்தேன்தான். மேற்பரப்பைத் திருத்துவது ஆட்டக்காரர்களின் அன்றாட வேலையானது இந்தக் காலத்தில்தான்.

1990-களின் தொடக்கத்தில் யூரித்தேனோடு வேறு சேர்மானங்களைக் கலந்து ரியாக்டிவ் ரெசின் பந்துகளை உருவாக்கினார்கள். இவற்றின் தோலில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயில் வழுக்கும் பந்து, காய்ந்த பகுதியைத் தொட்டதும் வெடுக்கென்று திரும்பியது. அந்தத் துளைகள் பாதையில் இருந்த எண்ணெயையும் உறிஞ்சின. ஒவ்வொரு எறிக்கும் படலம் மெலிந்து, பாதை ஆட்டத்தின் நடுவிலேயே உருமாறியது. அரங்குகள் கூடுதலாக எண்ணெய் பூசின. உற்பத்தியாளர்கள் அதைத் துளைத்துப் பற்றும் தோலைத் தேடினார்கள். 1990-களின் பிற்பகுதியில் வந்த சில பந்துகளின் தோலில் நுண்துகள்களையே கலந்திருந்தார்கள்.

இதற்கிடையே பல அரங்குகளில் மரப்பலகைகள் போய்ச் செயற்கைப் பாதைகள் வந்துவிட்டன. காக்க வேண்டிய மரம் இல்லாமல்போன பிறகும் எண்ணெயின் அளவு ஏறிக்கொண்டே போனது. எண்ணெயின் வேலை மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மைக்ரான் கணக்கு

பாதையின் அகலம் ஏறத்தாழ 41.5 அங்குலம். 40 அடி நீளத்துக்கு 25 மில்லிலிட்டர் எண்ணெய் பூசியதாகக் கொண்டால், படலத்தின் சராசரித் தடிமன் 2 மைக்ரானுக்குச் சற்றே குறைவாக வரும். சாதாரண அரங்கில் நடுவே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் பூசுவார்கள் என்பதால், நடுவில் அது பல மைக்ரான்களாகும். மறுபுறம், அமெரிக்காவின் இன்றைய ஆளும் அமைப்பான யு.எஸ்.பி.சி. பந்தின் சராசரிச் சொரசொரப்புக்கு வைத்துள்ள மேல்வரம்பு 50 மைக்ரோ அங்குலம், அதாவது 1.27 மைக்ரான். இது சராசரிதான், தனித்தனி முகடுகள் இதைவிட உயர்ந்தவை.

படலத்தின் தடிமனும் முகடுகளின் உயரமும் ஒரே அளவுத் தளத்தில் இருக்கின்றன. பளபளப்பான பந்து படலத்தின்மேல் மிதந்து போகிறது. சொரசொரப்பான பந்தின் முகடுகள் படலத்தைத் துளைத்துப் பாதையைத் தொடுகின்றன. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 2000-களின் பிற்பகுதியில் யு.எஸ்.பி.சி. நடத்திய பந்து இயக்க ஆய்வும் இதையே உறுதிசெய்தது: பந்தின் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளில் மேற்பரப்பின் நுண்முகடுகளே முன்னணியில் நின்றன. உட்கருவுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் எண்ணெய் படாத புதிய தோலைப் பாதைக்குக் காட்டுவது அதுதான். அப்போதும் பற்றும் வேலை தோலுடையது.

உப்புத்தாளின் நடைமுறை

பந்தைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, தண்ணீர் விட்டு, தேய்ப்புத் தட்டால் தேய்ப்பதே வழக்கம். ஃபின்லாந்தின் மிர்க்கா நிறுவனம் தயாரிக்கும் நுரை முதுகுள்ள அப்ரலான் தட்டுகள் இத்துறையில் பரவலாகப் புழங்குகின்றன. தட்டின் கிரிட் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். எண்ணெய் மிகுந்த பாதைக்கு 500 அல்லது 1000, நடுத்தரத்துக்கு 2000, எண்ணெய் வற்றிய பாதைக்கு 4000 அல்லது அதற்கு மேல் மெருகு. கீறல்கள் ஒரே திசையில் விழாமலிருக்கப் பந்தைத் திருப்பித் திருப்பி நான்கு அல்லது ஆறு பக்கங்களிலும் தேய்க்கிறார்கள்.

தேய்த்தால் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும். மிகச் சொரசொரப்பான பந்து மெல்லிய எண்ணெயில் சீக்கிரமே பற்றி, பின்களை அடையும் முன்பே வேகத்தையும் சுழற்சியையும் இழந்துவிடும். அதோடு இந்தச் சொரசொரப்பு நிலைப்பதுமில்லை. சில ஆட்டங்களிலேயே முகடுகள் மழுங்கிப் பந்து தானே பளபளப்பாகிவிடும்.

விதிகள் பின்தொடர்ந்த வரிசை

போட்டி நடக்கும்போது தேய்ப்புப் பொருள் கொண்டு மேற்பரப்பை மாற்ற யு.எஸ்.பி.சி. தடை விதித்துள்ளது, தேய்ப்பதானால் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். 2019 ஆகஸ்டு முதல் போட்டியின்போது திரவத் துப்புரவுப் பொருள்களுக்கும் தடை. உலர்ந்த துண்டால் துடைக்க மட்டுமே அனுமதி. 2020-இல் புதிய பந்துகள் எண்ணெய் உறிஞ்சும் வேகத்துக்கு வரம்பு வந்தது. கடினத்தன்மையின் கீழ்வரம்பு 72-இலிருந்து 73 ஆனது. 2022-இல் வரம்பைவிட மென்மையாக இருந்த பந்து மாதிரி ஒன்றின் அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. மெக்யூன் கிளப்பிய கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தீரவில்லை.

முடிவு

கடினத்தன்மை, சொரசொரப்பு, உறிஞ்சும் வேகம் ஆகிய மூன்று வரம்புகளும் தோலைப் பற்றியவை. ஆட்டத்தை மாற்றும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதை விதி வகுப்போர் இவற்றின் வழியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆலையிலிருந்து வெளியேறும் பந்தை அளப்பது எளிது. பத்தாவது ஆட்டத்தில் தேய்ந்து நிற்கும் தோலை எந்த வரம்பும் விவரிப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட கிரிட் எண் விற்பனை நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது. ஆகவே பந்தின் திறனை ஒப்பிடும் எந்த ஆய்வும், அது எந்தப் பந்து என்று கேட்பதோடு, கடைசியாக எப்போது, எந்த எண் தட்டால் தேய்க்கப்பட்டது என்றும் பதிவுசெய்தாக வேண்டும்.