வழியும் வழியுரிமையும்
தன்னாமுனையைக் கடந்து செல்லும் கதிர்காம நடைவழி பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெரு தன்னாமுனையைக் கடந்து செல்கின்றது. பேருந்துகளும் பாரவண்டிகளும் விரையும் இத்தெருவில், ஆண்டுதோறும் கதிர்காமக் கொடியேற்றத்திற்கு முந்திய வாரங்களில், வேல் தாங்கிய அடியார் கூட்டம் தெற்கு நோக்கி நடந்து செல்லக் காணலாம். இலங்கையில் இன்றும் வழக்கிலுள்ள மிக நீண்ட நடைவழிகளுள் ஒன்று கதிர்காமப் பாதயாத்திரைப் பாதையாகும். சமய நோக்கில் பலரும் எழுதியுள்ள இப்பாதையை ஒரு வழி என்ற வகையில் நோக்கி, அது எதனால் நிலைபெற்றது, நடப்போருக்கு அதில் உரிமை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் யாத்திரிகர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை, சித்தாண்டி ஆகிய இடங்களைக் கடந்து மட்டக்களப்பு மாமாங்கேசுவரத்தை அடைவர். பின்னர் எழுவான்கரை வழியே திருக்கோவில், பொத்துவில், உகந்தை எனச் சென்று, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, காட்டினூடாகக் கதிர்காமம் சேர்வர். முழுத்தூரமும் நடப்போருக்கு ஒன்றரை மாதத்திற்கு மேற் செல்லும். கோயில்களும் குளங்களும் ஆற்றுத்துறைகளுமே இவ்வழியின் மைற்கற்கள். நீரும் நிழலும் எங்குளவோ அங்கெல்லாம் வழி வளைந்து செல்கின்றது.

இப்பிரதேசத்தின் பழைய வழிகள் யாத்திரைக்கு மட்டும் உரியனவல்ல. உப்பும் கருவாடும் உள்நாட்டிற்கும், உள்நாட்டு விளைபொருள்கள் கரைக்கும் பொதிமாடுகளின் மேற் சென்றன. அம்மாட்டுத் தொகுதியையே தவளம் என்றனர். 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன், கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணத் தரைவழியே சென்றமை வரலாறு. கரையையும் மலைநாட்டையும் இணைத்த வழிகள் அக்காலத்தே இருந்தன என்பதற்கு இது சான்றாகும். எனினும் தவளம் நின்றதும் அதன் தடங்களிற் பல மறைந்தன. பயன்பாடு நின்றால் வழியும் நில்லாது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

இங்கிலாந்தின் அனுபவம் இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது. அந்நாட்டின் பெனைன் மலைத்தொடரிலும் பொதிக்குதிரைகள் சென்ற பழந்தடங்கள் இருந்தன. 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பொதுமக்களுக்கு வழியுரிமையுள்ள பாதைகளை வரைபடத்திற் பதிவு செய்யும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. 1986இல் மேரி டவுன்லி என்னும் பெண்மணி, குதிரையேறுவோருக்கும் நெடுவழி வேண்டுமென்பதை உணர்த்த அம்மலைப் பகுதியில் நெடுந்தூரம் குதிரையிற் சென்றார். அம்முயற்சியின் பயனாகவே குதிரையேறுவோர், மிதிவண்டியோட்டிகள், நடப்போர் ஆகிய முத்திறத்தாருக்கும் உரிய பெனைன் குதிரைவழி உருவாயிற்று. பழந்தடமும் சட்டமும் ஒன்றிணைந்தமையாலேயே அது கைகூடியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நம் பாதைக்கோ அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. அரசாங்கம் அதனைக் காத்த வரலாற்றிலும், கட்டுப்படுத்திய வரலாறே பெரிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொள்ளைநோய்க்கு அஞ்சிய பிரித்தானிய ஆட்சி யாத்திரிகரைக் கட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வுல்ஃப், கதிர்காமத் திருவிழாவிற் கூடுவோரை மேற்பார்வை செய்யும் பணியையும் ஆற்றினார். 1938இல் யாலையும் 1970இல் குமணைப் பகுதியும் தேசிய வனங்களாயின. வனவிலங்குகளைப் பேணுதற்கு அது வேண்டியதே. ஆயினும் உகந்தைக்கு அப்பாற்பட்ட காட்டுவழி, அதிகாரிகள் குறிக்கும் சில நாட்களுக்கு மட்டும் திறக்கப்படும் வழியாயிற்று. 1983இன் வன்செயல்களோடு தடைப்பட்ட யாத்திரை 1988இல் மீளத் தொடங்கப்பட்டபோதும், போர் முடியும்வரை இடரோடேயே நடைபெற்றது.

அவ்வாறாயின் சட்டமுமின்றி, வரைபடமுமின்றி இப்பாதை பிழைத்தது எவ்வாறு? வழியிலுள்ள ஊர்களே அதனைப் பிழைக்க வைத்தன எனலாம். தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் கோயில் மண்டபத்துத் தங்கலும் இன்றேல் வெறுங்கையோடு வரும் யாத்திரிகர் ஒரு வாரமேனும் நடத்தல் அரிது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், வேடர் ஆகிய அனைவரின் ஊர்களையும் இவ்வழி தொட்டுச் செல்கின்றது. கதிர்காமமும் இவர்கள் எல்லோரும் உரிமை பாராட்டும் தலமாகும்.

ஆயினும் விருந்தோம்பல் உரிமைக்கு ஈடாகாது. தெருக்கள் அகலமாகுந்தோறும் நடப்போருக்குரிய ஓரம் குறுகுகின்றது. நிழல் மரங்கள் வீழ்கின்றன. வேலிகள் முன்னே நகர்கின்றன. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், தேயிலைத் தோட்டத் தடங்களை இணைத்து அண்மை ஆண்டுகளில் அமைக்கப்பட்ட பீக்கோ நடைவழி, பழந்தடங்களை மீட்டெடுத்தல் இந்நாட்டிலும் இயலுமெனக் காட்டியுள்ளது. ஆனால் உல்லாசப் பயணிகளை எண்ணி அமைத்த வழியின் முறையை அவ்வாறே இங்குப் புகுத்துதல் பொருந்தாது. கட்டணமும் வாயிலும் வந்தால், பொருளின்றி நடக்கும் யாத்திரிகனே முதலில் வெளியேற்றப்படுவான்.

ஆகவே முதற்பணி பதிவாகும். தங்குமிடங்களும் கிணறுகளும் துறைகளும் வரைபடத்திற் குறிக்கப்படல் வேண்டும். அடுத்து, பிரதேச சபைகள் அவற்றைப் பொதுவழியாக ஏற்றல் வேண்டும். தெருவோரத்தில் நடப்போருக்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் நிழலுடன் கூடிய தடம் ஒதுக்கப்பட்டால், தன்னாமுனையிலிருந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் அதனாற் பயன்பெறுவர். தவளம் சென்ற தடங்களை நாம் இழந்தோம். கால்கள் இன்றும் காத்துவரும் இவ்வழியையேனும் எழுத்தும் சட்டமும் காக்க வேண்டும்.