பள்ளி ஆண்டு என்னும் அளவுகோல்: அமெரிக்கக் கறுப்பின முதியோரின் மறதிநோயை முன்வைத்து

வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே காப்பீட்டில் இருந்த, 64 வயதைத் தொட்ட 2,70,000-க்கும் மேற்பட்டோரின் பதிவேடுகள் 2000 முதல் 2013 வரை ஆராயப்பட்டன. ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் மறதிநோய் கண்டோர் கறுப்பினத்தவரில் 26.6, வெள்ளையரில் 19.3, ஆசிய வம்சாவளியினரில் 15.2. ஒரே காப்பீட்டில் இருந்தோரிடையே எழுந்த வேறுபாடு இது. எண்களில் தகராறு இல்லை. அவற்றுக்குச் சொல்லப்படும் விளக்கத்தில்தான் நான் முரண்படுகிறேன். கல்வியைச் சமன்செய்த பிறகும் இடைவெளி மிஞ்சுகிறது, ஆகவே மிஞ்சுவது இனத்தின் உயிரியல் என்று வாதிடும் ஒரு மரபு இன்னும் உயிரோடிருக்கிறது.

அங்கே ‘கல்வி’ எனப்படுவது படிவத்தின் ஒற்றைக் கட்டம்: எத்தனை ஆண்டு படித்தீர்கள்?

வட மன்ஹாட்டன் முதியோரை வைத்து ஜெனிஃபர் மேன்லி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வை நிதானமாக வாசிக்க வேண்டும். மறதிநோய் இல்லாத கறுப்பினத்தவரும் வெள்ளையரும் படித்த ஆண்டுகளின்படி இணைசேர்க்கப்பட்டார்கள். அப்படியும் நினைவுத்திறன் முதலிய சோதனைகளில் கறுப்பினத்தவர் மதிப்பெண் தாழ்ந்தே நின்றது. பிறகு இன்னொன்றையும் சேர்த்தார்கள். முதியவர் முன் ஓர் அட்டை. அதிலுள்ள சொற்களை உரக்க வாசிக்க வேண்டும், வரவர அவை அரிதாகிக்கொண்டே போகும். நினைவில் வைக்கவோ பொருள் சொல்லவோ தேவையில்லை. இந்த வாசிப்பு மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டதும், வகைப்பெயர் அடுக்கும் சோதனையும் ஒரு வரைதல் சோதனையும் நீங்கலாக, இன வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது.

2000இல் 75 வயதான ஒருவர் பள்ளி சென்றது 1930களில். தெற்கு மாநிலங்களில் அன்று கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி தனி, தவணை குறுகியது, பருத்தி எடுக்கும் காலத்தில் பிள்ளைகள் வயலில். ரோசன்வால்டு நிதி என்ற தனியார் கொடையின் துணையோடு அப்பிள்ளைகளுக்காக 1932 வரை எழுந்த ஏறத்தாழ 5,000 பள்ளிகளுக்குக் கறுப்பின மக்களும் தம் காசும் நிலமும் உழைப்பும் தர வேண்டியிருந்தது என்றால், அரசு கொடுத்தது போதவில்லை என்பது விளங்கும். அங்கே எட்டு ஆண்டு படித்தவரும் முழுத் தவணை நடந்த வெள்ளையர் பள்ளியில் எட்டு ஆண்டு படித்தவரும் படிவத்தில் ஒரே எண்.

வாசிப்பே நோயால் மங்கியிருக்கலாமே என்பர். பங்கேற்றவர்கள் நோயற்றவர்கள், சொல் வாசிப்போ நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் திறன். இதில் நிற்க வேண்டியதில்லை. வாசிப்பு மதிப்பெண்ணுக்குள் இனமே ஒளிந்திருக்கிறது, அதைச் சமன்செய்தால் இனம் மறைவதில் வியப்பென்ன என்ற கேள்வி கனமானது. ஒளிந்திருப்பது உண்மை. ஆனால் அப்படி ஒளிந்திருப்பது மாநிலச் சட்டமன்றங்கள் பள்ளிக்கு ஒதுக்க மறுத்த பணம். அதை இரத்தத்தின் கணக்கில் எழுதுவதையே மறுக்கிறேன்.

சோதனை மதிப்பெண் வேறு, நோய் வேறு; கலிபோர்னிய எண்கள் முழுவதையும் பள்ளி விளக்கிவிடும் என்று நான் கூறவில்லை. எனினும், நோயையே எண்ணிய 2001ஆம் ஆண்டின் ஒப்பீடும் என் பக்கமே சாய்கிறது: இண்டியானாபொலிஸ் கறுப்பினத்தவரிடம் ஆண்டுக்கு 3.24 விழுக்காடாக இருந்த மறதிநோய், நைஜீரியாவின் இபாதான் யொரூபா மக்களிடம் 1.35 மட்டுமே. வம்சாவளியே காரணமென்போர் இந்த இரண்டு எண்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

‘எத்தனை ஆண்டு படித்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அடுத்த வரியில் படிவம் இன்னும் இரண்டைக் கேட்கலாம்: எந்த மாநிலத்தில்? ஆண்டுக்கு எத்தனை மாதம்?