பன்னீரும் பனீரும்

தமிழ்நாட்டில் எந்த ஊர் உணவகத்தின் விலைப்பட்டியலை எடுத்தாலும் 'பன்னீர் பட்டர் மசாலா' என்று ஒரு வரி இருக்கும். எழுத்துப்படி பொருள் கொண்டால், ரோஜாத் தண்ணீரில் வெண்ணெயும் மசாலாவும் சேர்த்துக் கொதிக்க வைத்த பண்டம் அது. யாரும் அப்படிப் பொருள் கொள்வதில்லை. சிவந்த குழம்பில் வெள்ளைக் கட்டிகள் மிதந்து வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். அந்தக் கூடுதல் 'ன்' எங்கிருந்து வந்து ஒட்டியது என்பதுதான் விசாரிக்கத் தக்கது.

நம்முடைய பன்னீர், பனி என்ற சொல்லோடு நீர் சேர்ந்து பிறந்தது. மலையாளம் இந்தப் பிறப்பை இன்றும் மறைக்கவில்லை. அங்கே அது 'பனிநீர்'தான். ரோஜாவுக்கே 'பனிநீர்ப்பூவு' என்று பெயர். தமிழில் இடையில் இருந்த இகரம் தேய்ந்து னகரம் இரட்டித்துக்கொண்டது. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பன்னீர்ச் செம்பு, பெட்டிக்கடைப் பன்னீர் சோடா, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ஊருக்கு ஊர் இருக்கும் பன்னீர்செல்வங்கள் என்று இந்தச் சொல் நம் காதில் நன்றாக ஊறிப்போனது. அப்படிப்பட்ட காதில் வடக்கிலிருந்து வந்த 'பனீர்' விழுந்தபோது, அது ஏற்கெனவே தெரிந்த சொல்லாகவே கேட்டது.

வந்த சொல் பாரசீகத்துச் சொல். இஸ்லாத்துக்கு முந்தைய நடுக்காலப் பாரசீகத்திலேயே அது 'பனீர்'தான். பாலைக் குறிக்கும் வடமொழிப் 'பயஸ்' என்பதோடு இதை உறவுபடுத்துவோர் உண்டு. பாயசம் அந்தப் 'பயஸ்' வழி வந்தது. இந்த ஊகம் நிற்குமானால் பனீரும் பாயசமும் தூரத்துப் பங்காளிகள். எனக்கு இந்த உறவு பிடித்திருக்கிறது என்பதற்காக அதை நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லிவிட முடியாது.

ஈரானிலிருந்து சொல் நாலாபுறமும் போனது. துருக்கியில் பெய்னிர், அஜர்பைஜானில் பெந்திர், ஆர்மீனியாவில் பனிர், வங்காளத்தில் பொனிர். ஒவ்வொருவரும் தங்கள் நாக்குக்குத் தக்கபடி அதை வளைத்திருக்கிறார்கள். இந்த வரிசையில் தமிழன் ஒரு னகரத்தைக் கூட்டிக்கொண்டதை மட்டும் பிழை என்று திருத்த வேண்டுமா? கட்டுரையில் நான் 'பனீர்' என்றுதான் எழுதுவேன். பலகை எழுதுகிறவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

பாரசீகத்தில் பனீர் என்றால் சீஸ், அவ்வளவுதான். எல்லா வகைக்கும் அதுவே பொதுப்பெயர். ஈரானியர் அன்றாடம் உண்பது உப்பு நீரில் ஊறிய வெள்ளைப் பனீர். தப்ரீஸ் நகருக்கு அருகே உள்ள லீக்வான் என்ற ஊரின் பெயரால் விற்கும் செம்மறியாட்டுப் பால் பனீருக்கு அங்கே தனி மதிப்பு. இதை அவர்கள் பெரும்பாலும் அடுப்பில் ஏற்றுவதில்லை. காலையில் ரொட்டியைப் பிய்த்து, ஒரு துண்டு பனீரும் இரண்டு வால்நட்டும் வைத்துச் சுருட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தில் பால் சேராத தேநீர். வெறும் பனீர் புத்தியை மந்தமாக்கும், வால்நட் அதற்கு முறிவு என்று அங்கே ஒரு நம்பிக்கை. புதினா, பச்சை வெங்காயத்தாள் போன்ற இலைகளோடு வைத்துத் தின்பதும் உண்டு. கோடையில் ரொட்டி, பனீர், தர்ப்பூசணி மூன்றும் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. உப்பும் இனிப்பும் சேரும் அந்த இணையைத் துருக்கியரும் விடுவதில்லை. ஒரு பண்டம் சூடாக விற்றுத் தீர்வதற்குத் துருக்கியில் 'பெய்னிரும் ரொட்டியும் போல விற்கிறது' என்பார்கள். பாரசீகத்தில் ஒரு செடிக்கே 'பனீரக்', அதாவது குட்டிப் பனீர் என்று பெயர். அதன் தட்டையான வட்டக் காய் சின்னஞ்சிறு சீஸ் வட்டு மாதிரி இருக்கும்.

ஆப்கானிஸ்தானில் 'கிஷ்மிஷ் பனீர்' என்று வசந்த காலத் தின்பண்டம் ஒன்று உண்டு. புதிதாகத் திரிந்த வெள்ளைப் பனீரும் உலர்ந்த திராட்சையும், வேறு எதுவும் இல்லை. நம்மிடம் வந்து சேர்ந்த பனீரின் சாயல் இங்கேதான் தெரியத் தொடங்குகிறது: உப்பு குறைவு, ஈரம் அதிகம், நாள்பட வைக்க முடியாது.

பாலைத் திரிக்கும் வழியும் இந்தப் பக்கம் மாறியது. மேற்கே கன்று, ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளே வழக்கம். சிந்து, பலூசிஸ்தான் பக்கம் ஒரு புதர்ச்செடியின் காயையும் அதற்குப் பயன்படுத்தினார்கள். நம் அமுக்கராவின் பேரினத்தைச் சேர்ந்த அதற்கு இந்தியில் 'பனீர் டோடா' என்று பெயர். தாவரவியல் பெயரான 'விதானியா கோயாகுலன்ஸ்' என்பதிலும் உறையவைப்பது என்ற பொருள்தான் ஒளிந்திருக்கிறது. இந்தக் காய் உலர்ந்து தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 'பன்னீர்ப் பூ' ஆயிற்று. சர்க்கரை நோய்க்காக ஊறவைத்துக் குடிக்கிறவர்கள் வாங்கும் அந்தப் பொட்டலத்தில் பன்னீரும் இல்லை, பூவும் இல்லை. பாலைத் திரிக்கும் காய் இருக்கிறது. உணவக மேசையைப் போலவே மருந்துக் கடையிலும் பாரசீகச் சொல் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தரும் பன்னீர் இலை இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத வேறொரு மரத்தினுடையது.

இன்றைய இந்தியப் பனீருக்குக் காயும் வேண்டாம், இரைப்பையும் வேண்டாம். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விட்டுத் திரித்து, துணியில் வடித்து, மேலே பாரம் வைத்தால் போதும். அமிலத்தில் திரிந்ததால்தான் அது சூட்டில் உருகுவதில்லை. பட்டாணியோடும் பாலக்கோடும் எவ்வளவு கொதித்தாலும் கட்டி கட்டியாகவே நிற்கிறது. பழைய முறையை விடாதவர்களும் உண்டு. பார்சிகளின் 'டோப்லி பனீர்' உறைபொருள் இட்டு, சிறு கூடையில் வைத்து உருவாக்குவது. டோப்லி என்றால் கூடை. வங்காளம் இன்னும் தெளிவாகப் பங்கு பிரித்துக்கொண்டது. ரசகுல்லாவுக்குப் பிசையும் புதிய திரட்டுக்கு 'சானா' என்று பெயர். 'பொனிர்' என்றால் டாக்காப் பக்கத்து உப்புச் சீஸ். பாரசீகப் பொருளுக்கு நெருக்கமாக நிற்பது டெல்லிப் பனீரைவிட இந்தப் பொனிர்தான்.

பெயர் வெளியூரிலிருந்து வந்ததால் பண்டமும் வெளியூர்க்காரர் கற்றுக் கொடுத்ததுதான் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலைத் திரிப்பதை இந்தியர் பாவமாக நினைத்தார்கள், போர்ச்சுகீசியர் வந்துதான் மாற்றினார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த 'மானசோல்லாச'த்தில் பாலில் புளிப்புச் சேர்த்துத் திரித்து இனிப்புச் செய்யும் முறை இருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். சொல்லின் வயது வேறு, பண்டத்தின் வயது வேறு.

ஆங்கில விலைப்பட்டியல்கள் பனீரைக் 'காட்டேஜ் சீஸ்' என்று மொழிபெயர்ப்பதும் அரைகுறைதான். அமெரிக்கரின் காட்டேஜ் சீஸ் கட்டியாக நிற்காது. உதிரி உதிரியான திரட்டில் கொஞ்சம் பாலேடு கலந்து கரண்டியால் அள்ளித் தின்பது. அதிபர் நிக்சன் அதில் கெட்சப் ஊற்றித் தின்பார் என்பது அந்நாட்டில் பிரசித்தம். 1974 ஆகஸ்ட் 8 அன்று, பதவி விலகலை அறிவித்த நாளில், அவருடைய மதிய உணவுத் தட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்: அன்னாசித் துண்டுகளின் மேல் காட்டேஜ் சீஸ், ஒரு தம்ளர் பால். அதைக் கொண்டுபோய்த் தந்தூரி அடுப்பில் கம்பியில் கோத்தால் ஒன்றும் மிஞ்சாது.

நம் வீடுகளில் பால் திரிந்தால் அது விபத்து. வெல்லமோ சர்க்கரையோ போட்டுக் கிளறி நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். பாலைக் கட்டியாகவே உண்ட பழக்கம் சீம்பாலோடு நின்றது. கன்று ஈன்ற மாட்டின் முதல் பாலை வேகவைத்தால் புளிப்பு எதுவும் இல்லாமல் தானே கட்டியாகும். ஆகவே சீஸுக்கு நம்மிடம் பழைய சொல் இல்லை. பாடப்புத்தகக்காரர்கள் 'பாலாடைக்கட்டி' என்று ஒன்றைச் செய்தார்கள். பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு. பனீர் அந்த ஏட்டால் ஆனது அல்ல, திரிந்த பாலால் ஆனது. சொல்லைச் செய்தவர் அடுப்படிப் பக்கம் போகவில்லை என்று நினைக்கிறேன்.

அடுப்படியில் நிற்கிறவர்கள் அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளவே இல்லை. பனீரைக் கையில் வாங்கியதும், அசைவத்துக்கென்று இருந்த பெயர்களை எடுத்து அதற்கு மாட்டினார்கள்: பனீர் 65, பனீர் சுக்கா, பனீர் கொத்து பரோட்டா, முட்டை போல உதிர்த்து வதக்கினால் பனீர் பொடிமாஸ். சைவ மேசைக்குக் கோழியின் வேலையைச் செய்ய ஓர் ஆள் கிடைத்துவிட்டது. 'பாலாடைக்கட்டி 65' என்று எழுதிய பலகையை இதுவரை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.