நடுநிலை வகித்த தலைவர்: கோர்பினும் பிரெக்சிட்டும்



அண்மையில் ஆசிரியர் அறையில் தேநீர் வேளையின்போது பிரிட்டனின் 2019 பொதுத்தேர்தலைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அப்போதைய எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் ஜெரமி கோர்பின், ஐரோப்பிய ஒன்றியத்திற்காக அரைமனத்தோடு பரிந்து பேசியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்றார் ஒருவர். இல்லை, விலகுவதென மக்கள் தீர்ப்பளித்த பின்னர் இரண்டாவது வாக்கெடுப்புக்கு இசைந்ததே பிழை என்றார் மற்றொருவர். அக்கட்சியினரும் இவ்வாறே இரு கூறாக நின்று வழக்காடி வந்துள்ளனர். மணி அடித்துவிட்டதால் அன்று சொல்ல இயலாததை இங்கு எழுதுகிறேன்.

கோர்பினின் தயக்கம் 2016இல் முளைத்ததன்று. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நீடிப்பதா என்று 1975 ஜூன் 5இல் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, நீடிக்க வேண்டா என்றே அவர் வாக்களித்தார். அக்காலத்து இடதுசாரிகள் பலருக்கு அது முதலாளிகளின் கூட்டமைப்பாகவே தோன்றியது. அன்றும் தொழிற்கட்சி பிளவுபட்டே இருந்தது. பிரதமர் ஹரோல்ட் வில்சன், அமைச்சர்கள் தத்தம் கருத்தை வெளிப்படையாகப் பேச இடமளித்தார். ஆயினும், தம் அரசின் பரிந்துரை நீடிப்பதே என்று அறிவித்துவிட்டார். 67 விழுக்காட்டினர் அதன்படியே வாக்களித்தனர்.

2016இல் கோர்பினும் நீடிப்பதற்கே ஆதரவு கேட்டார். ஆனால், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒன்றியத்தின்மீது தமக்குள்ள ஆர்வத்திற்குப் பத்துக்கு ஏழு அல்லது ஏழரை என மதிப்பெண் இட்டார். (எம்மைப் போன்றோருக்கு அது நேர்மையான மதிப்பெண், பரப்புரை மேடைக்கோ உதவாது.) ஜூன் 23இல் 51.9 விழுக்காட்டினர் விலகலைத் தேர்ந்தனர். ஐந்து நாள்களில் அவருடைய கட்சியின் மக்களவை உறுப்பினர்கள் 172க்கு 40 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையின்மையைப் பதிவு செய்தனர். கட்சித் தொண்டர்களோ செப்டம்பரில் ஏறத்தாழ 62 விழுக்காட்டு வாக்குகளால் அவரையே மீண்டும் தலைவராக்கினர்.

உண்மையான சிக்கல் இனிமேல்தான். தொழிற்கட்சி வாக்காளருள் ஏறக்குறைய மூவரில் இருவர் நீடிக்க விரும்பியவர்கள். ஆனால், அக்கட்சி வென்றிருந்த தொகுதிகளுள் பெரும்பாலானவை விலகலை விரும்பியவை எனக் கணிக்கப்பட்டது. கோர்பினின் தொகுதி அமைந்த இஸ்லிங்டன் வட்டாரத்தில் 75 விழுக்காட்டினர் நீடிக்க வாக்களித்தனர். பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியான டான்காஸ்டரில் 69 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். ஒரே கட்சி இவ்விருவரையும் எங்ஙனம் சேர்த்து வைத்திருக்கும்?

2017இல் மக்கள் தீர்ப்பை மதிப்போம் என்று கூறித் தேர்தலைச் சந்தித்த கோர்பின் 40 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றார். தெரேசா மே பெரும்பான்மை இழந்தார். 2018இல் லிவர்பூல் மாநாடு மறுவாக்கெடுப்புக்கும் கதவைத் திறந்துவைத்தது. 2019 மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தொழிற்கட்சி மூன்றாமிடத்திற்குச் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரில், மறுவாக்கெடுப்பு நடந்தால் தாம் நடுநிலை வகிப்பதாக அவர் கூறினார்.

இதை வில்சன் காட்டிய வழி என்று வாதிட்டோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறரைப் பேசவிட்ட வில்சன் தாமும் பேசினார். கோர்பின் பிறரைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கினார். அதுவும் படிப்படியாக நகர்ந்து சென்ற ஒதுக்கம். ஒவ்வொரு படியிலும் ஒரு சாரார் தாம் கைவிடப்பட்டதாக எண்ணினர். தோல்விக்கு இது மட்டுமே காரணமன்று என்பதையும் சொல்ல வேண்டும். யூத வெறுப்புப் புகார்களைக் கட்சி கையாண்ட விதமும் அவர்மீது பலருக்கு இருந்த அவநம்பிக்கையும் சேர்ந்தே வந்தன.

டிசம்பர் 12இல் தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 202 இடங்கள். 1935க்குப் பின் அத்துணைக் குறைவாக அது பெற்றதில்லை. 1970 முதல் டென்னிஸ் ஸ்கின்னர் வென்றுவந்த போல்சோவர் என்னும் சுரங்கத் தொகுதியும் பறிபோனது. 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது.

2024 தேர்தலில் போல்சோவர் தொழிற்கட்சியிடம் திரும்பியது. அதே தேர்தலில், கட்சியின் வேட்பாளராக நிற்க இடம் மறுக்கப்பட்ட கோர்பின், 1983 முதல் தமக்குரிய இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தொழிற்கட்சி வேட்பாளரை வென்றார்.