ரோபோவுக்குள்ளே ஒரு அடிமை

'ரோபோ' செக் மொழியில இருந்து வந்த வார்த்தைங்கிறது நம்மள்ல பல பேருக்குத் தெரியும். காரெல் சாப்பெக் எழுதி 1920-ல் வெளியான 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்துல வர்ற செயற்கை வேலையாட்களோட பேர் அது. பேரைச் சொன்னது அவரோட அண்ணன், ஓவியர் யோசெஃப். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற வினைச்சொல்லோட கதை இன்னும் சுவாரஸ்யம்.

ஆதி ஸ்லாவிய மொழியில 'ஓர்ப்'னா அடிமை. அடிமை செய்யற வேலை 'ஓர்போதா'. காலப்போக்குல எழுத்து இடம் மாறி சில மொழிகள்ல 'ரப்', சிலதுல 'ரொப்'னு ஆயிடுச்சு. கிரேக்கத்துல 'ஓர்ஃபனோஸ்' (அநாதை), ஜெர்மன்ல 'ஆர்பைட்' (வேலை) ரெண்டும் இதுக்குச் சொந்தக்காரங்கதான். ரஷ்ய மொழியில குழந்தையைச் சொல்ற 'ரெப்யோனக்' கூட இந்த வேர்தான். ஆதரவில்லாத பிள்ளை, அடிமை, உழைப்பு... வரிசையா வச்சுப் பாருங்க, ஒரு சமூகமே தெரியும்.

பழைய ஸ்லாவிய பைபிள்ல 'ரபோத்தத்தி'ன்னா எஜமானுக்கு ஊழியம் பண்றது. இன்னிக்கு ரஷ்ய மொழியில 'ரபோத்தத்'னா சும்மா வேலை செய்யறது. கடை திறந்திருக்கா, போன் வேலை செய்யுதா, எல்லாத்துக்கும் இதே சொல்தான். போலந்துல இன்னும் ஒரு படி மேல. 'ட்சோ ரோபிஷ்?'னா "என்ன பண்றே?". அடிமை ஞாபகம் யாருக்கும் வராது :-)

செக் மொழியில மட்டும் கதை வேற. அங்கே சாதாரண வேலைக்கு 'ப்ராட்சே'ன்னு தனிச் சொல் இருக்கு. 'ரோபோதா'ன்னா பண்ணையாருக்குக் கூலியில்லாம செய்யற கட்டாய வேலை. 1775-ல் பொஹீமியாவுல விவசாயிகள் கலகம் பண்ண, அதே வருஷம் மரியா தெரசா "வாரத்துக்கு 3 நாளுக்கு மேல வாங்கக்கூடாது"ன்னு உத்தரவு போட்டாங்க. முழுசா ஒழிஞ்சது 1848-ல்.

ரஷ்யாவுல பண்ணையடிமை முறை 1861 வரைக்கும் இருந்துச்சே, அங்கே மட்டும் எப்படி மறந்தாங்க? கட்டாய வேலைக்கு ரஷ்யர்கள் வச்ச பேர் 'பார்ஷ்சினா', போலந்துக்காரங்க வச்சது 'பான்ஷ்சிஸ்னா'. ரெண்டுமே 'பண்ணையார்'ங்கிற சொல்லுல இருந்து வந்தது. பழி எஜமான் பேர்ல போச்சு, வினைச்சொல் தப்பிச்சுது. இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. செக்ல பழி முழுக்க அந்தப் பழைய சொல் மேலயே நின்னுடுச்சு.

1920-ல் அந்த நாடகத்தைப் படிச்சவங்களுக்கு ரோபோதா வெறும் தாத்தா, பாட்டி காலத்துச் சமாச்சாரம். பேரைக் கேட்டதுமே அர்த்தம் புரிஞ்சிருக்கும். நாடகத்துல ரோபோக்கள் கலகம் பண்ணறதும் சும்மா இல்லை.

ரோபோ வந்து நம்ம வேலையைப் பறிச்சுடும்னு இப்போ பொட்டி தட்டுற எல்லாரும் பயப்படறோம். அந்தப் பேருக்குள்ளே இருக்கிறவனோட கஷ்டமே வேற: அவனால வேலையை விட முடியலை.