வீட்டில் யாருக்கும் இல்லாவிட்டாலும் மார்பகப் புற்றுநோய் வருமா? மரபணு 'ரெகுலேட்டர்' தரும் விளக்கம்

"எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லையே, எனக்கு எப்படி வரும்?" லூமுட்டிலோ ஈப்போவிலோ இப்படி யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் வரலாம்.

மலேசியாவின் 2007-2011 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்தியப் பெண்களில் 24 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உள்ளது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் பரம்பரையாக வரும் பழுது காரணமாக இருப்பது, பாதிக்கப்படும் 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்குத்தான்.

அப்போ மற்றவர்களுக்கு?

உங்கள் கண் செல்லிலும் மார்பக செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எந்த மரபணு, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபேன் நன்றாக இருந்தும் ரெகுலேட்டர் கெட்டால் வேகம் தாறுமாறாகும், இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

2007-ல் எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவில் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மாற்றங்கள் கண்டறியப்பட்டன. அவை இருப்பது, புரதம் செய்வதற்கான குறிப்பு இல்லாத பகுதியில். அந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதையே அவை பாதிக்கின்றன. இப்படிப்பட்ட சின்னச் சின்ன மாற்றங்கள் பல உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஆபத்து குறைவு, சேர்ந்தால் அதிகம்.

இது நமக்கும் பொருந்துமா?

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களிடம் நடந்தவை. அதனால் கேன்சர் ரிசர்ச் மலேசியா ஆய்வாளர்களும் மற்ற நாட்டினரும் சேர்ந்து, நோய் வந்த 17,000-க்கும் மேற்பட்ட ஆசியப் பெண்களின் மரபணுத் தகவலை, நோய் வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். 2020-ல் முடிவு வெளியானது. இந்த மாற்றங்களைக் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணில் உச்சத்தில் இருந்த 1 சதவீதத்தினருக்கு, நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களைவிட ஆபத்து சுமார் 2.7 மடங்கு.

நோய் பரவுவது எப்படி?

ஈ-கேடெரின் என்ற புரதம், செல்களை பசை மாதிரி ஒட்டி வைக்கிறது. கருவில் குழந்தை உருவாகும்போது செல்கள் இடம்பெயர உதவும் ட்விஸ்ட், ஸ்னெயில் என்ற மரபணுக்கள் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். சில புற்றுநோய் செல்களில் அவை மறுபடி விழித்து, பசைப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை அடக்கிவிடுகின்றன. பிடி தளர்ந்த செல் ரத்தம் வழியாக எலும்புக்கோ நுரையீரலுக்கோ போகலாம்.

இதே ரெகுலேட்டரைக் குறிவைக்கும் மருந்துகளும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பல மரபணுக்களை முடுக்கிவிடும். தமொக்சிஃபென் மாத்திரை அதைத் தடுக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பிஆர்சிஏ சோதனையில் பழுது இல்லை என்று வந்தாலும் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடாது. 2012-2016 காலத்தில் மலேசியாவில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 3 அல்லது 4-ஆம் கட்டத்தில்தான் நோய் தெரிந்தது. மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் மாற்றம் தெரிந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு உடனே போங்கள். அம்மாவையும் சித்தியையும் கூடக் கூட்டிப் போங்கள்.