கைக்கூலி யாருடைய காசு?

கைக்கூலி என்றால் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற காசு என்றுதான் நமக்குள் பேச்சு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மணமகளின் பாவனைக்கென மணமகனிடம் கொடுக்கும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளுமே அச்சட்டத்தில் கைக்கூலி. அவன் கையில் இருந்தாலும் அது அவளுடையது. மனைவி வழக்காடித் திருப்பிப் பெறலாம்.

கிழக்கிலே குடி தாய்வழி. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வாப்பாவும் காக்காமாரும் உழைத்துக் கட்டும் சீதன வீடு பெரும்பாலும் மகள் பேரில்தான் இருக்கும். வீட்டுக்கு உறுதி இருக்கு. காசுக்கு என்ன இருக்கு?

அதே சட்டம் விவாகப் பதிவில் மாப்பிள்ளையினதும் வலியினதும் ஒப்பத்தைக் கேட்டது, மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. பெண்ணுக்கு உரிமை தந்த சட்டம், பேச்சுவார்த்தையை ஆண்களிடமே விட்டது. எவ்வளவு கொடுத்தார்கள் என்றே தெரியாதவள் எதைத் திருப்பிக் கேட்பாள்? கைக்கூலி வாங்கிய வீடுகள் முதலில் அவளுக்குக் கணக்குச் சொல்லட்டும்.